லேப்டாப்பை ஃபார்மட் செய்யும் முன்: கொடைக்கானல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூஞ்சிக்கல்லில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோயின. அன்றிலிருந்து "புதிதாகப் போட்டுக் கொடுங்கள்" என்று வருபவர்கள் அதிகம். "எத்தனை மணி நேரம் ஆகும், எவ்வளவு கேட்பீர்கள்" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "எது எது அழிந்துபோகும்" என்று கேட்பவர் அபூர்வம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

"உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ளவா?" என்று விண்டோஸே கேட்கிறதே. பிறகு எதற்குத் தனியாக பேக்கப்?

அந்த வழி பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனால் "பெரும்பாலும்" என்ற ஒரு சொல்லை நம்பி மகள் கல்யாணப் படங்களை ஒப்படைக்க எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில் இருப்பவை தங்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். பாதியில் மின்சாரம் நின்றாலோ, டிஸ்க் ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருந்தாலோ, எது தங்கியது, எது போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

பழையதை அழிக்காமல் அதன் மேலேயே புதிய விண்டோஸை நிறுவினால், சி டிரைவில் "விண்டோஸ்.ஓல்டு" என்று ஒரு ஃபோல்டர் கிடக்கும். பழைய கோப்புகள் அதற்குள் இருக்கும். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மேம்படுத்திய பத்து நாளில் விண்டோஸ் தானாகவே அதை நீக்கிவிடும். பதினைந்தாம் நாள் வந்து நின்றவர்கள் உண்டு.

டெஸ்க்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுவிட்டேன். போதும் அல்லவா?

பூம்பாறையில் ஹோம்ஸ்டே நடத்தும் ஓர் அக்கா இதே வார்த்தையைச் சொல்லித்தான் பென்டிரைவை நீட்டினார். "நானே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் தம்பி, நீங்கள் தயங்காமல் அழித்துவிடலாம்." யார் எடுத்து வந்தாலும் நான் ஒருமுறை திறந்து பார்ப்பது வழக்கம். இருபத்து மூன்று ஐகான்கள் இருந்தன. ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. அளவைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கேபி, இரண்டு கேபி. மூன்று வருட விருந்தினர் பதிவேடு, பில்கள், அறைகளின் படங்கள், எல்லாம் சேர்ந்து ஒரு குறுஞ்செய்தி அளவுக்குத்தான் இருந்தன.

அவை ஷார்ட்கட்டுகள். முகவரி எழுதிய சீட்டைப் போன்றவை. வீடு வேறு இடத்தில் இருக்கிறது. நான் அப்படியே ஃபார்மட் செய்திருந்தால், வீடு இடிந்தபின் அக்காவின் கையில் அந்தச் சீட்டுதான் மிஞ்சியிருக்கும்.

உங்கள் பென்டிரைவிலும் அம்புக்குறியைத் தேடுங்கள். இருந்தால் அதன்மேல் வலது கிளிக் செய்து, கோப்பு உண்மையில் இருக்கும் இடத்தைத் திறந்து, அங்கிருந்து எடுங்கள். அதோடு டவுன்லோட்ஸ், ஆவணங்கள், படங்கள், வீடியோக்கள் ஆகிய ஃபோல்டர்களையும் பாருங்கள். டவுன்லோட்ஸைக் குப்பைக் கூடை என்று நினைக்கிறோம்; பட்டா நகல், சிட்டா, மகனின் ஹால் டிக்கெட் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

கண்ணுக்குத் தெரியாமல் வேறு என்ன இருக்கும்?

இதற்குத்தான் நீளமான பதில் தேவை. கடையில் அழுதுகொண்டு நின்றவர்களில் புகைப்படத்துக்காக அழுதவர்கள் குறைவு. படங்கள் முக்கியம் என்று எல்லோருக்கும் தெரியும், எடுத்துவிடுவார்கள். லேப்டாப்பில் இருப்பதே தெரியாமல் இருந்த ஒன்றுதான் போய்விடும்.

முதலாவது, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். குரோம் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைத்தாலும், புதிய விண்டோஸில் அந்தப் பாஸ்வேர்டுகள் திறக்காது. பழைய விண்டோஸ் கணக்கின் சாவியால் அவை பூட்டப்பட்டிருக்கும். ஒன்று, கூகுள் கணக்கில் உள்நுழைந்து ஒத்திசைவை (சிங்க்) இயக்குங்கள். இல்லாவிட்டால் பாஸ்வேர்டு அமைப்புக்குள் போய் ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதியாகும் கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் யாரும் படிக்கும்படி அப்பட்டமாக இருக்கும் என்பதால், வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். எங்களைப் போன்ற கடைக்காரர்களிடம் அதைக் கொடுக்கவே கூடாது.

இரண்டாவது, கடைக் கணக்கு எழுதும் டேலி மென்பொருள். கணக்கு எங்கே சேமிக்கப்படுகிறது என்பது ஒவ்வொரு கணினியிலும் மாறும். நிறுவியவர் எந்த ஃபோல்டரைக் காட்டினாரோ அங்கே இருக்கும். தேடி அலைய வேண்டாம், டேலிக்குள்ளேயே பேக்கப் கட்டளை இருக்கிறது. எடுத்தபின் வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்துவிடுங்கள். விலை கொடுத்து வாங்கிய உரிமம் என்றால், ஃபார்மட் செய்யும் முன் அதை டேலியிலேயே ஒப்படைத்துவிட்டு, புதிதாக நிறுவியபின் திரும்ப இயக்க வேண்டும். மறந்தால் உரிமத்தை மீட்க அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அவுட்லுக் மின்னஞ்சல். பிரவுசரில் ஜிமெயில் பார்ப்பவர்களுக்குக் கவலை இல்லை. பழைய அவுட்லுக்கில் அஞ்சலை இறக்கி வைத்திருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே பெரிய பிஎஸ்டி கோப்புக்குள் இருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டுத்தான் அதை நகலெடுக்க முடியும்.

பிறகு ஆஃபீஸ் மென்பொருளின் உரிம எண், வைஃபை பாஸ்வேர்டு, ஸ்டிக்கி நோட்ஸில் ஒட்டி வைத்த குறிப்புகள். விண்டோஸின் உரிமத்துக்கு மட்டும் பெரும்பாலும் எண் தேவைப்படாது. அதே லேப்டாப்பில் அதே பதிப்பை மறுபடி நிறுவினால் இணையம் கிடைத்ததும் தானே இயங்கிக்கொள்ளும்.

பழைய தமிழ்க் கோப்புகள் திறந்தால் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றனவே?

அழியவில்லை, பயப்படாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். எழுத்துரு இருக்கும்வரை திரையில் தமிழ் தெரியும். ஃபார்மட் செய்ததும் எழுத்துரு போய்விடும், கோப்பு கூழாகிவிடும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பதினைந்து வருடக் கட்டுரைகளை வேறொரு இடத்தில் கணினியைப் புதுப்பித்துவிட்டு வந்து காட்டினார். "வைரஸ் வந்து தின்றுவிட்டது" என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வரியைப் பார்த்தேன், எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளி. பாமினியை நிறுவிவிட்டு ஆவணத்தை மூடித் திறந்தேன். ஐயா எதுவும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்த ஒற்றுப்பிழையைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

ஆகவே ஃபார்மட் செய்யும் முன் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் "ஃபான்ட்ஸ்" ஃபோல்டரைத் திறந்து, பாமினி, வானவில், செந்தமிழ் என்று நீங்கள் பயன்படுத்தும் எழுத்துருக்களை எல்லாம் நகலெடுத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் முக்கியமான கோப்புகளை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய கோப்பில் ஒரு பக்கத்தையாவது கண்ணால் படித்துப் பாருங்கள். ஒகரமும் ஔகாரமும்தான் அடிக்கடி கோணிக்கொள்ளும்.

டி டிரைவ் காலியாக இருக்கிறது. அங்கே போட்டுவிட்டால்?

சியும் டியும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள். ஒரே பரணில் நடுவே பலகை வைத்துத் தடுத்தது போல. பரண் விழுந்தால் பூண்டு மூட்டையும் விழும், உருளைக்கிழங்கு மூட்டையும் விழும். சி டிரைவை மட்டும் அழித்தால் டி தப்பும் என்பது உண்மைதான். ஆனால் நிறுவும் திரையில் "சி", "டி" என்று எழுதியிருக்காது. பகுதி 1, பகுதி 2, பகுதி 3 என்று வரிசையாக நிற்கும். அவசரத்தில் எதை அழிக்கிறோம் என்பதே தெரியாது.

எதில் எடுப்பது? பென்டிரைவா, ஹார்டு டிஸ்க்கா?

50 ஜிபிக்குள் என்றால் நல்ல பென்டிரைவ் போதும். அதற்கு மேல் என்றால் வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. 1 டிபி டிஸ்க் வாங்கி வந்து, "931 ஜிபிதான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. உண்மையான ஏமாற்று, நடைபாதையில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் "2 டிபி பென்டிரைவ்". உள்ளே இருப்பது 16 ஜிபியோ 32 ஜிபியோதான். நிறைந்தபின்னும் நகல் ஏறுவதுபோலவே காட்டும். திறந்தால்தான் வெறும் தோடு என்று தெரியும்.

பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது "கோப்பு மிகப் பெரியது" என்று மறுத்தால், அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். மாற்றினால் அதில் இருப்பது அழியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரக் கணக்கு: பழைய யூஎஸ்பி 2 துளையில் நொடிக்கு 30 எம்பி போனால் பெரிய விஷயம். 200 ஜிபிக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். உள்ளே நீல நிறமாக இருக்கும் யூஎஸ்பி 3 துளையில், சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கே முக்கால் மணி நேரத்தில் முடியலாம். சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். டீ குடிக்கப் போய்விட்டு வாருங்கள்.

கிளவுடில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததே?

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலோடு பங்குபோட்டு. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் 5 ஜிபி. காசு கொடுத்து இடம் வாங்கினாலும் ஏற்றும் வேகம் இருக்க வேண்டும். நொடிக்கு 5 மெகாபிட் ஏறும் இணைப்பில் 200 ஜிபி ஏற மூன்றரை நாளுக்கு மேல் ஆகும். மன்னவனூர்ப் பக்கம் காற்றடித்து ஒரு மரம் சாய்ந்தால் அந்தக் கணக்கும் சாய்ந்துவிடும். ஆதார் நகல், பத்திரம், கணக்கு என்று எடை குறைந்த முக்கியமானவற்றுக்கு கிளவுட் மிக நல்லது. கல்யாண வீடியோவுக்கு அல்ல.

இன்னொரு பொறி: ஒன்டிரைவ் இயங்கும் லேப்டாப்பில் கோப்பின் பக்கத்தில் மேகம் போன்ற ஐகான் இருந்தால், அந்தக் கோப்பு லேப்டாப்பில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. நகலெடுக்கும் முன் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒத்திசைவும் பேக்கப்பும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் சில நாள் கிடக்கும், அவ்வளவுதான்.

48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. அது என்ன?

பிட்லாக்கர் பூட்டின் மீட்புச் சாவி. புதிய லேப்டாப்புகள் பலவற்றில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக அமைத்திருந்தால் சாவி அந்தக் கணக்கில் இருக்கும். வேறொரு கணினியிலோ ஃபோனிலோ உள்நுழைந்து எடுக்கலாம். லேப்டாப் நன்றாக இருக்கும்போதே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். சாவி இல்லாவிட்டால் நானும் திறக்க முடியாது, சென்னையில் இருப்பவரும் திறக்க முடியாது. "உடைத்துத் தருகிறேன்" என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

லேப்டாப் திறக்கவே மாட்டேன் என்கிறது. இனி எப்படி எடுப்பது?

விண்டோஸ் விழுந்தால் கோப்புகளும் விழுந்ததாக அர்த்தமில்லை. விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் இலவச லினக்ஸ் வகைகளான மின்ட் அல்லது உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பை இயக்கினால், டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர்கள் தெரியும். வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஹார்டு டிஸ்க்கில் "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி இயக்கிப் பார்ப்பது கால் முறிந்தவரை நடக்கச் சொல்வது.

என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறுமா?

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகாலக் கணினிகளுக்கு வாய்ப்பில்லை. அவற்றுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் தாராளமாகப் போதும்.

மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வேண்டும். காரில் இரவு முழுக்கக் கிடந்த ஹார்டு டிஸ்க்கை விடியற்காலையில் எடுத்து வந்து, அடுப்பு எரியும் சூடான அறையில் உடனே இணைக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் ஈரம் பூக்கும், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதைப் போல. பைக்குள்ளேயே வைத்து ஒரு மணி நேரமாவது அறையின் சூட்டுக்குப் பழக விடுங்கள்.

பழைய கல்யாண சிடிகளை நம்ப வேண்டாம். இங்கே நான்கைந்து மழைக்காலம் கண்ட சிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து சிலந்தி வலைபோல் பூஞ்சை ஏறியிருக்கும். படிக்க முடியும்போதே டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது என் பழக்கம். கேமரா வைத்திருப்பவர்களிடமிருந்து கற்றது.

மின்சாரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேட்டரி செத்த லேப்டாப்பை யூபிஎஸ்ஸில் இணைத்த பிறகே நகலெடுங்கள். முடிந்ததும் டிஸ்க்கைப் பிடுங்காமல், பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்து எடுங்கள்.

எத்தனை பிரதி? எங்கே வைப்பது?

அசலோடு சேர்த்து மூன்று, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மூன்றுக்கு வசதியில்லாவிட்டாலும் அந்த "வேறு இடம்" என்பதை விட்டுவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறி இந்தப் பக்கமாக வந்தபோது மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. வத்தலக்குண்டில் தங்கை வீடு இருந்தால் ஒரு டிஸ்க் அங்கே இருக்கட்டும்.

நம் ஊர் சூரிய ஆய்வகத்தையே பாருங்கள். 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தட்டுகளிலும் பிலிமிலும் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். இப்போது அவை எல்லாம் எண்ணிம வடிவம் பெற்று, உலகெங்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. நூறு வருடப் படத்துக்கே இன்னொரு பிரதி தேவைப்பட்டிருக்கிறது.

ஒழுங்காக நகலாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

திறந்து பார்த்தால்தான் தெரியும். நகலெடுத்த லேப்டாப்பிலேயே திறக்காமல் வேறொரு கணினியில் திறங்கள். முதலில் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பண்புகளைப் பார்த்து, கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பிறகு மிகப் பழையது ஒன்று, மிகப் பெரியது ஒன்று, தமிழில் பெயர் வைத்தது ஒன்று என்று எடுத்துத் திறங்கள். வீடியோவாக இருந்தால் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிப் பாருங்கள். பாதியில் அறுந்த நகல் ஆரம்பத்தில் நன்றாகவே ஓடும்.

நிறுவும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் என் சொந்த லேப்டாப்பில் வெளி டிஸ்க்கை இணைத்தபடியே நிறுவ உட்கார்ந்தேன். திரையில் டிரைவ் 0, டிரைவ் 1. இரண்டுமே 500 ஜிபி வகை, இரண்டுமே 465.8 என்று காட்டின. கை பழகிப்போயிருந்தது, ஒன்றில் இருந்த பகுதிகளை அழித்தேன், பிறகு மற்றதிலும் அழித்தேன். அழித்துவிட்டுத்தான் பார்த்தேன். மீட்பு மென்பொருளில் படங்கள் பெரும்பாலும் திரும்பி வந்தன. குழந்தை வேலப்பர் கோயிலில் அப்பா பாடிய காவடிச் சிந்து பாதியோடு நின்றுவிடுகிறது.

இன்னொன்று: புதிய விண்டோஸ் ஏறியதும் வைஃபை வேலை செய்யாமல் போகலாம். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். விண்டோஸ் 11 நிறுவும்போதே இணையம் கேட்கும் என்பதால், சிக்னல் இல்லாத ஊர்க்காரர்கள் டவுனுக்கு வந்து செய்வது நல்லது.

கடையில் கொடுத்தால் நீங்களே பேக்கப் எடுத்துவிடுவீர்கள் அல்லவா?

எடுப்போம். ஆனால் உங்களுக்கு எது முக்கியம் என்று எனக்கு எப்படித் தெரியும்? "புதிய ஃபோல்டர் 3" என்பதற்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வெளியே யாரும் பார்க்கக் கூடாதவற்றை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு, லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டு வாருங்கள்.

எல்லாம் முடிந்தது. பேக்கப்பை எப்போது அழிக்கலாம்?

மூன்று மாதமாவது தொடாதீர்கள். "அந்த ஒரு கோப்பு எங்கே?" என்ற கேள்வி இரண்டாம் மாதத்தில்தான் வரும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கணக்குகளை அந்த ஆண்டறிக்கையின் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் மூன்று மாதக் கணக்கு பார்க்கவே வேண்டாம்.

பூம்பாறை அக்காவின் டிஸ்க் ஒன்று இன்னும் என் கடை அலமாரியில், சிலிக்கா ஜெல் டப்பாவில் இருக்கிறது. வேலை முடிந்தது, எடுத்துப் போங்கள் என்று பலமுறை சொல்லிவிட்டேன். "வேறு இடத்தில் ஒன்று இருக்க வேண்டும் என்று சொன்னது நீங்கள்தானே தம்பி" என்கிறார்.